உச்சந்தலையில் ஒரு கண்

சிவகிரிப் பக்கம் எலுமிச்சைத் தோட்ட வேலியில் வெயில் காயும் ஓணானின் உச்சந்தலையை உற்றுப் பாருங்கள். நட்டநடுவே ஒரு செதிலில் மட்டும் கடுகைவிடச் சின்னப் புள்ளி இருக்கும். அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, வெளிச்சத்தை மட்டும் உணரும். எவ்வளவு நேரம் வெயில் காயலாம் என்று உடம்புக்குச் சொல்ல அது உதவுகிறது.

நியூசிலாந்தில் வாழும் டுவாட்டாரா என்ற ஊர்வனவுக்கு இதே கண் லென்சும் விழித்திரையுமாக இருக்கிறது. குஞ்சாக இருக்கும்போது வெளியே தெரியும். சில மாதங்களில் செதில் மூடிவிடும். பார்வைக்குப் பெரிய ஓணான்தான். அறிவியலாளர்களும் முதலில் பல்லிகளோடுதான் சேர்த்தார்கள். 1867-ல் ஆல்பர்ட் குந்தர் எலும்புகளை ஆராய்ந்து, இது பல்லியே அல்ல என்று தனி வரிசையில் வைத்தார். ரிங்கோசெஃபாலியா என்பது அதன் பெயர். 1864-லேயே இந்திய ஊர்வன பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். நம் ஓணான்களை அவ்வளவு அறிந்திருந்ததும் அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

வாயைத் திறந்தால் வித்தியாசம் புரியும். மேலே இரண்டு வரிசைப் பற்கள். கீழ்வரிசை அந்த இடுக்கில் பொருந்தி, முன்னோக்கி நகர்ந்து இரையை ரம்பம்போல் அறுக்கும். பற்கள் தாடை எலும்போடு ஒட்டியவை. தேய்ந்தால் வேறு பல் முளைக்காது.

ரிங்கோசெஃபாலியா வரிசையில் இன்று மிஞ்சியது டுவாட்டாரா ஒன்றுதான். ஒரு காலத்தில் அதன் உறவினங்கள் உலகின் பல பகுதிகளிலும் இருந்தன. தழை தின்றவை, கடலில் நீந்தியவை என்று பல வகை. ‘வாழும் புதைபடிவம்’ என்று டுவாட்டாராவைச் சொல்வது அந்தப் பெரிய குடும்பத்தையே மறைத்துவிடுகிறது. நம் நாட்டிலும் இருந்தன. தெலங்கானாவில் ரெப்பனா அருகே ஜுராசிக் காலக் கோட்டா பாறைகளில் கிடைத்த தாடைத் துண்டுகளை வைத்து, சூசன் எவான்ஸ், ஜி.வி.ஆர். பிரசாத், பி.கே. மன்ஹாஸ் மூவரும் 2001-ல் ரெப்பனாசாரஸ், கோதாவரிசாரஸ் என இரண்டு உறவினங்களுக்குப் பெயரிட்டார்கள்.

2020-ல் வெளியான மரபணு ஆய்வின்படி, பல்லி, பாம்புகளின் கிளையும் டுவாட்டாராவின் கிளையும் பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஓணானுக்கு இது பாட்டன் அல்ல, தூரத்துப் பங்காளி.

எல்லாமே இதற்கு நிதானம். முட்டை பொரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். நூறு வயது தாண்டியும் வாழும். மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சுமார் 22 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் ஆண். பூமி சூடாகச் சூடாகப் பெண்கள் குறையும் என்பதால், 2012-ல் சில டுவாட்டாராக்களைத் தெற்கே, குளிர் அதிகமான டனிடின் அருகிலுள்ள ஒரோகொனுய் சரணாலயத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.