உங்களுக்குத் தெரியுமா? ஒரே பொய் ஏரியை நிரப்பிவிடும்!
பூந்தமல்லி அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கரை நெடுகப் பத்து கம்பியில்லா உணரிகளை நட்டதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது உணரிகள் 21 அடி என்கின்றன. விஷமி எவனோ கைவைத்த பத்தாவது மட்டும் 81 என்கிறது. சராசரி 27 அடி! ஏரி காகிதத்தில் வழிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை அடையாற்றங்கரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; மட்டக் கணக்கு விளையாட்டல்ல.

எல்லா அளவுகளையும் தனித்தனியே அனுப்பினால் என்ன? பேட்டரி தாங்காது. கணக்குப் போடுவதைவிட ரேடியோவில் பேசத்தான் மின்சாரம் அதிகம் செலவாகும். அதனால் வழியிலேயே கூட்டிச் சுருக்குகிறார்கள். அப்படிச் சுருக்கும்போது நுழையும் பொய்க்கு, 2004இல் ஆய்வாளர் டேவிட் வாக்னர் காட்டிய வைத்தியம் எளிது: சராசரிக்குப் பதில், வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுப்பது. இங்கே அது 21தான்.

ரேடியோவில் போகும் அளவுகளை ஒட்டுக்கேட்பவனுக்கு வேறு வித்தை. ஒவ்வொரு உணரியும் தன் அளவோடு ஒவ்வொரு முறையும் புது ரகசிய எண் ஒன்றைக் கூட்டி அனுப்பும். இடையில் இருக்கும் உணரிகள் பிரித்துப் பார்க்காமலே கூட்டிக்கொண்டு போகும். ரகசியம் தெரிந்த தலைமை நிலையம் அவற்றைக் கழித்தால் மொத்தம் கையில். காஸ்டெலூசியா, மைக்லெட்டன், சூடிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் முன்வைத்த முறை இது. ஆனால், உணரியே பொய் சொன்னால் இது கைவிரித்துவிடும்.