புடைப்புத் தகடும் பொய்ப் பெயரும்

சுதேசிப் பொருளையே வாங்குங்கள் என்று மேடையில் முழங்கிய பிரசங்கியாருக்குக் கூட்ட முடிவில் ‘தஞ்சாவூர்த் தட்டு’ ஒன்று பரிசாக அளிக்கப்படுகிறது. அவரும் அகமகிழ்ந்து பெற்றுக்கொள்கிறார். அது யந்திரத்தில் அழுத்திய வெறுந்தகடு என்பதைக் கொடுத்தவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

மெய்யான தட்டு எத்தகையது? இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் இத்தொழிலுக்கு ஒருவர் கை போதாது. பித்தளையிலோ செம்பிலோ அடித்தட்டைக் கன்னார் அமைத்து மெருகிடுவார். உருவத்தைத் தட்டார் எழுப்புவார். குழிவாக வெட்டிய உலோக அச்சின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைப் பரப்பி, அதன்மேல் ஈயத்தை வைத்துச் சுத்தியலால் அடிப்பார். ஈயம் மெத்தென்றிருப்பதால் தகட்டைக் கிழிக்காமல் அச்சின் பள்ளங்களுக்குள் தள்ளிவிடுகிறது. பின்னர், குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்கைப் பின்புறக் குழியில் நிரப்புவார். இதைச் செய்யாவிடில் விரல் பட்ட மாத்திரத்தில் நந்தியின் திமில் உள்ளே அமிழ்ந்துவிடும்! அதன்பின் சிற்றுளிகொண்டு கண்ணையும் ஆபரணத்தையும் ஆடை மடிப்பையும் தெளிவாக்கி, அடித்தட்டில் பதித்து இறுக்குவார். கல் பதிப்பதற்கு மூன்றாமவர் ஒருவர் உண்டு.

இதனால் நம்மை யந்திரத்தின் விரோதி என்று எவரும் எண்ணவேண்டாம். 1898-ல் சென்னைக் கலைப்பள்ளியில் சாட்டர்டன் துரை அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியபோது அதுவும் புதுமையாகவே இருந்தது. எவர்சில்வர் இன்னும் பிடிவாதமான உலோகம். அடிக்க அடிக்க இறுகும். வளைத்தால் மீள முயலும். வெள்ளியையும் செம்பையும் பட்டறை உலையிலேயே காய்ச்சி இளக்கிவிடலாம். எவர்சில்வருக்கோ ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே அதற்குரியவை யந்திர உருளைகளே. ஒன்றில் மேடாகவும் மற்றொன்றில் பள்ளமாகவும் வெட்டிய இரண்டு உருளைகளுக்கிடையே தகடு நுழைந்து, வைரக்கட்டமோ கொடியோ பதிந்து வெளிவருகிறது. மேடுபள்ளம் ஏறியதால் மெல்லிய தகடும் விறைப்புப் பெறுகிறது. கீறலும் கைரேகையும் எளிதில் தோன்றா. மின்தூக்கிச் சுவருக்கு இதைவிடத் தக்கது வேறென்ன?

சுவருக்கு வேண்டியதைச் சுவருக்கு வைத்துக்கொள்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. வழக்கு பெயரைப் பற்றியதே. 1999-ம் வருஷத்திய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-ல் அமலுக்கு வந்தது. அதன்படி தஞ்சைத் தட்டும் பதிவு பெற்றிருக்கிறது. பொய்க் குறியீடிட்டு விற்பவனுக்குச் சிறைவாசமும் அபராதமும் அச்சட்டத்தில் உண்டு. ஆயின் வாங்குவோன் கேள்வி கேளாத இடத்தில் சட்டப்புத்தகம் என்ன செய்யும்? போலியோடு விலையில் போட்டியிட முடியாத தட்டார் தம் மகனை வேறு பிழைப்புக்கு அனுப்பினால் அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. அச்சு வெட்டத் தெரிந்த கை ஓய்ந்தால், பழைய அச்சுகள் தேயும்வரைதான் இத்தொழில் நடக்கும்.

பரிசுத் தட்டு வாங்கும் சர்க்கார் இலாகாக்களும் கட்சி ஆபீஸ்களும் சங்கங்களும், யார் செய்தது, எவ்வுலோகம், கைவேலையா யந்திரவேலையா என்னும் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கட்டும். எழுத மறுக்கும் கடைக்காரனிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும்.