காரிடம் ஒரு பொய்

68 03 18 01 72.

இது யாருடைய செல்போன் எண்ணும் அல்ல. இருபது வருடத்துக்கு முந்தைய பிஎம்டபிள்யூ காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒற்றைக் கம்பியில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. ரேடியோ கேட்கிறது: ‘சிடி சேஞ்சர், இருக்கிறாயா?’ டிக்கிக்குள் ஆறு சிடிகளைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய பெட்டி அது. அதைக் கழற்றிப் போட்டு எத்தனை வருடமானாலும் ரேடியோ கேட்பதை நிறுத்தாது.

‘இருக்கிறேன்’ என்று யாராவது பதில் சொன்னால் போதும். சொன்னது அந்தப் பெட்டிதானா என்று ரேடியோ எழுந்துபோய்ப் பார்க்கப் போவதில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இங்கே ஒரே பொய்யில் காரியம் முடிகிறது. இந்தக் கார்களின் திரைக்குச் சொந்தமாக மென்பொருள் எழுதுகிறவர்கள் முதலில் எழுதிப் பழகுவது இந்தப் பொய்யைத்தான்.

எதற்கு இந்த மெனக்கெடல்? நன்றாகப் பராமரித்த இன்ஜின் முப்பது வருடம்கூட உழைக்கும். திரைக்குப் பின்னால் இருக்கும் கணினியின் கதை வேறு. அது கெட்டுப்போக வேண்டியதில்லை, வெளியுலகம் மாறினாலே போதும். 2022 ஜனவரி 1 அன்று பல பழைய ஹோண்டா, அக்யூரா கார்களின் கடிகாரம் 2002-க்குத் திரும்பிவிட்டது. கையால் திருத்தினாலும், அடுத்த முறை வண்டியைக் கிளப்பியதும் பழைய குருடி கதவைத் திறடி. ஆகஸ்டில் தானாகச் சரியாகும் என்றது நிறுவனம். அந்த ஜனவரிக்கு அடுத்த மாதமே அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் தன் 3ஜி சேவையை நிறுத்த, அதை நம்பியிருந்த கார்களின் இணைய வசதிகள் ஊமையாயின. வண்டிகளில் ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றிருக்கவில்லை.

பிஎம்டபிள்யூவுக்கு வருவோம். 1990-களின் நடுவிலிருந்து 2006 வரை வந்த இ38, இ39, இ46 ரகங்களில் ரேடியோ, திரை, ஸ்டீயரிங் பொத்தான்கள், தொலைபேசி எல்லாம் ‘ஐ-பஸ்’ வகைக் கம்பி ஒன்றில் தொங்குகின்றன. தெருக் குழாயடி மாதிரிதான். ஒருவர் பேசுவது எல்லோர் காதிலும் விழும். பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர் மட்டும் பதில் சொல்வார். ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். வேகம் விநாடிக்கு 9600 பிட்டுகள். இன்றைய கணக்கில் ஆமை வேகம். ஆனாலும் மேலே உள்ள கேள்வி ஓடி முடிய 6 மில்லி விநாடிகூட ஆகாது.

அந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்க்கலாம். 68 என்பது கூப்பிடுகிறவர், ரேடியோ. 03 என்றால் ‘இன்னும் மூன்று எண்கள் வரும்’. 18 என்பது கூப்பிடப்படுகிறவர், சிடி சேஞ்சர். 01தான் விஷயம்: ‘இருக்கிறாயா?’ கடைசி 72 சரிபார்ப்பு எண். முதல் நான்கின் பிட்டுகளையும் எக்ஸ்-ஆர் முறையில் கோத்தால் 72 வர வேண்டும்; வராவிட்டால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று கேட்பவர் ஒதுக்கிவிடுவார். இவை பதினாறு நிலை எண்முறையில் உள்ளவை. சாதாரணக் கூட்டலாகப் போட்டுப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.

இந்த அகராதியை யாரும் கார்க்காரர்கள் கையில் கொடுத்துவிடவில்லை. ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்து, கம்பியில் என்ன ஓடுகிறது என்று குறித்துக்கொள், மறுபடி அழுத்து, ஒப்பிடு. குழந்தை மொழி கற்பதைப்போல உலகெங்கும் பலர் வருடக்கணக்கில் காது கொடுத்துச் சேர்த்தது அது.

பொய் பலித்துவிட்டால் மற்றவை மளமளவென நடக்கும். சேஞ்சருக்கான ஒலிக் கம்பிகளில் செல்போனின் பாட்டை அனுப்பலாம். ஸ்டீயரிங்கில் ‘அடுத்த பாட்டு’ பொத்தானை அழுத்தினால், ரேடியோ அந்தக் கட்டளையை இல்லாத சேஞ்சருக்கு அனுப்புகிறது. நாம் ஒளித்துவைத்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி அதை வாங்கி, புளூடூத் வழியே செல்போனிடம் சொல்கிறது. திரையில் எழுத்தைக் காட்டவும் செய்தி உண்டு. பாட்டின் பெயர் அங்கே வந்துவிடும்.

படம் வரைய வேண்டுமென்றால்தான் கஷ்டம். ஆறரை அங்குலத் திரையில் இருப்பவை வெறும் 400-க்கு 234 புள்ளிகள். பழைய டிவிபோல விநாடிக்குச் சுமார் 15,625 வரிகள் என்ற கதியில் வரும் படத்தைத்தான் அது ஏற்கும். எச்டிஎம்ஐ என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. ஒரு எழுத்துக்கு எத்தனை புள்ளி தரலாம் என்று கணக்குப் பார்த்து வரைந்த அந்தக் காலத்துச் சிக்கனம் மறுபடி தேவைப்படும்.

ஆனால் ஆளைப் படுத்துவது மின்சாரம்தான். செல்ஃப் அடிக்கும் கணத்தில் 12 வோல்ட் சட்டென்று சரியும். வண்டி ஓடும்போது 14-ஐத் தொடும். ராஸ்பெர்ரி பைக்கு வேண்டியதோ நிலையான 5 வோல்ட். சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தியதும் மின்சாரத்தை வெட்டினால் மெமரி கார்டு பாழாகலாம். வெட்டாமலே விட்டால் சில நாளில் பேட்டரி காலி. சாவி போனதும் ஒரு நிமிடம் பொறுத்து, தன்னை ஒழுங்காக மூடிக்கொண்டு தூங்கும் சுற்று இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் சொல்லும் பொய்யை வேறு யாரும் சொல்லலாம். ஐ-பஸ்ஸில் கடவுச்சொல் கிடையாது; ஆனால் வெளியிலிருந்து நுழைய அதற்கு இணையமும் கிடையாது. இணையம் வந்த பிறகு கதை மாறியது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோகியை அதன் திரைக் கருவி வழியாகவே தொலைவிலிருந்து ஆட்டிவைத்தார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகவே நிறுவனங்கள் கதவைப் பூட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன். சாவியைக் கார் வாங்கியவருக்கும் தராமல் பூட்டுவதுதான் அநியாயம். தன் காரின் மென்பொருளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் உரிமையாளருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு வேண்டும் என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டதும் அதே 2015-இல்தான்.

கை துறுதுறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மாடல்களில் கதவுப் பூட்டும் விளக்குகளும் இதே கம்பியில்தான் பேசுகின்றன. முதல் ஒரு வாரம் கேட்க மட்டும் செய்யுங்கள், கம்பியில் எதையும் அனுப்பாதீர்கள். டேஷ்போர்டில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஏர்பேக் இருக்கிறது.