கேட்டமரானின் எடைக் கணக்கு

ஒடுங்கிய இரண்டு உடல்களை ஒரு நடுத்தளத்தால் இணைத்துக் கட்டிய பாய்மரப் படகு கேட்டமரான். ஒற்றை உடல் படகு கவிழாமல் நிற்க அதன் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்க வேண்டும். 12 மீட்டர் நீளமும் 9 டன் எடையும் உள்ள படகில் சுமார் 3 டன் அதற்கே போய்விடும். கேட்டமரானை நிமிர்த்தி வைப்பது அதன் அகலம். அந்தப் பாரம் அதற்குத் தேவையில்லை. குறைந்த எடையும் ஒடுங்கிய உடலும் தரும் வேகம், சுமை ஏறியதும் முதலில் பறிபோகிறது.

படகிலேயே குடியிருந்து கடல் கடப்பவர்களுக்குச் சுமை சேர்வது தெரிவதே இல்லை. 600 லிட்டர் குடிநீர் 600 கிலோ. 400 லிட்டர் டீசல் ஏறத்தாழ 340 கிலோ. 10 மி.மீ. நங்கூரச் சங்கிலி 80 மீட்டர் வைத்தால் சுமார் 180 கிலோ. பேட்டரி, ஜெனரேட்டர், கரைக்குப் போகும் சிறு படகு, உணவு, கருவிகள் எல்லாம் சேர்ந்தால் 2 டன் எளிதில் வந்துவிடும். விளம்பரங்களில் காணும் எடையோ பெரும்பாலும் வெறும் படகின் எடை.

12 மீட்டர் கேட்டமரானின் இரு உடல்களும் நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர். அதனால் 2 டன் ஏற்றினால் படகு சுமார் 10 செ.மீ. அமிழும். அந்தப் பத்தில்தான் எல்லாம் கெடுகிறது. நனையும் பரப்பு கூடி உராய்வு மிகுகிறது. மெல்லிய காற்றில் படகு நகர மறுக்கிறது. பின்முனையான அமரம் நீரில் மூழ்கினால் பின்னால் சுழலும் நீரையும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுத்தளத்துக்கும் கடலுக்கும் இடைவெளி குறைவதால் எதிர் அலைகள் அத்தளத்தின் அடிப்பக்கத்தில் ஓங்கி அறைகின்றன.

எடை கூடினால் படகு கவிழ்வது கடினம் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பிச் சுமை ஏற்றுவது தவறு. திடீர்க் காற்று வீசும்போது ஒற்றை உடல் படகு சாய்ந்து கொடுத்துவிடும். இலகுவான கேட்டமரான் வேகமெடுத்து ஓடிவிடும். பாரமேறியதோ சாயவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நிற்க, காற்றின் விசை முழுவதும் பாய்மரத்தின் மீதும் அதைத் தாங்கும் கம்பிகள் மீதும் விழுகிறது. ஆகவே சுமை கூடிய படகில் பாயை முன்கூட்டியே சுருக்க வேண்டும்.

எடை இருக்கும் இடமும் முக்கியம். முன்முனையான அணியத்தில் சங்கிலியும் அமரத்தில் சிறு படகும் கனத்தால் அலையில் படகு முன்னும் பின்னுமாக ஆடி வேகமிழக்கும். கனமானவை படகின் நடுவில், தாழ்வாக இருக்க வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தால் தொட்டியை நிரப்பி வைக்கத் தேவையில்லை. அது பழுதானால் கரை சேரும்வரை குடிப்பதற்கான நீர் மட்டும் கையிருப்பில் இருந்தால் போதும்.