பால் இல்லாத சமையல் வகுப்பு: வருகிறவர்கள் கேட்பதும் நாம் சொல்ல வேண்டியதும்

வங்கியில் 34 வருஷம் குப்பை கொட்டினேன். 2016-ல் ஓய்வு பெற்ற பிறகு, செங்கம் பக்கம் மூன்றரை ஏக்கரில் நிஜமாகவே குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். மல்லாட்டை, சாமை, கேழ்வரகு, எள், வரப்பில் முருங்கை. இரண்டு நாட்டு மாடுகள். இதுதான் நம்ம பண்ணை.

சமையல் வகுப்பு நடத்துவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. முதல் வருஷம் விளைந்த சாமையை திருவண்ணாமலையில் தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்றேன். இரண்டு கிலோ வாங்கிய ஒரு அம்மா பத்து நாள் கழித்து முக்கால்வாசியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "சார், உங்க சாமை சரியில்லை. களி மாதிரி குழைஞ்சு போச்சு. வீட்ல யாரும் தொடலை" என்றார். எப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். பொன்னி அரிசிக்கு வைப்பதுபோல ஒன்றுக்கு மூன்று தண்ணீர், குக்கரில் நாலு விசில். சாமையில் குற்றமில்லை, சொல்லிக்கொடுக்காமல் விற்ற என் மேல்தான் குற்றம்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. 2022 முதல் மாதம் ஒன்று. சொல்லிக்கொடுப்பது என் மனைவி. காய் நறுக்குவது, கணக்கு எழுதுவது நான். நகரத்துப் பிள்ளைகள் பலர் 'வீகன்' சமையல் வேண்டும் என்று கேட்டதால், பால், நெய், முட்டை, இறைச்சி எதுவும் இல்லாமல் சமைத்துக் காட்டுகிறோம். தமிழில் இதை நனிசைவம் என்கிறார்கள்.

வருகிறவர்களிடம் முதலில் அரைத்தாள் ஒன்று கொடுத்து, 'என்ன கற்றுக்கொள்ள வந்தீர்கள்?' என்று எழுதச் சொல்வேன். பெயரும் போன் நம்பரும் கீழே. வங்கிப் பழக்கம், ஒரு தாளையும் தூக்கிப் போடவில்லை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது நாலே கேள்விகள்தான்.

1. பாலுக்கும் தயிருக்கும் பதில் என்ன?

பாதித் தாள்களில் இதுதான் முதல் கேள்வி. கடையில் விற்கிற பாதாம் பாலை யாரும் வாங்க வேண்டியதில்லை. நம்மிடம் தேங்காய் இருக்கிறது, மல்லாட்டை இருக்கிறது. தேங்காய்ப்பாலில் இரண்டாம் பாலைக் கொதிக்க விடலாம். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

மல்லாட்டைத் தயிருக்கு, ஒரு டம்ளர் பருப்பை ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் காம்போடு நாலு பச்சைமிளகாயைப் போட்டு மூடி வையுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரத்தில் உறையும். முதல் தடவை சுமாராகத்தான் வரும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். ஊறவைக்கும் முன் கருத்ததையும் பூசணம் பிடித்ததையும் கட்டாயம் பொறுக்கிவிடுங்கள். அந்தப் பூசண நச்சு காய்ச்சினாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

ஆனால் என் மனைவி இதைச் சொல்லிவிட்டு எப்போதும் ஒரு வார்த்தை சேர்ப்பார்: "பதிலுக்குப் பதில் தேடறதை விட்டுட்டு, நம்ம வீட்டுல ஏற்கனவே பால் இல்லாம என்னென்ன இருக்குன்னு எண்ணிப் பாருங்க." புளிக்குழம்பு, ரசம், அடை, சுண்டல், கொழுக்கட்டை, எள்ளுருண்டை. வெயிலுக்கு மோர்தான் வேண்டுமா? நீராகாரமும் சின்ன வெங்காயமும் இருக்கிறதே. எண்ணி முடிக்கும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

2. புரதம், சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வரும்?

தானியத்தில் குறைகிற புரதக்கூறு பயறில் இருக்கிறது, பயறில் குறைவது தானியத்தில் இருக்கிறது. இட்லியும் பொங்கலும் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் இன்றைய தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. தானியம் மூன்று பங்கு என்றால் பயறோ பருப்போ ஒரு பங்காவது இருக்க வேண்டும். பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு ராத்திரி கட்டி வைத்தால் முளைவிடும். முளைத்ததில் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது, செரிப்பதும் சுலபம்.

100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பசும்பாலில் 120 அளவில். இதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். ஆனால் கேழ்வரகில் உள்ளது முழுவதும் உடம்பில் ஒட்டாது. வங்கி மொழியில் சொன்னால், கணக்கில் காட்டுகிற தொகை வேறு, கையில் எடுக்க முடிகிற தொகை வேறு. அதனால்தான் முளைகட்டி அரைக்கச் சொல்கிறோம். முருங்கைக் கீரையில் எலுமிச்சை பிழியச் சொல்வதும் இதற்காகத்தான். புளிப்பு இருந்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

3. சிறுதானியம் ஏன் சரியாக வரமாட்டேன் என்கிறது?

சாமை, தினை, வரகு எதுவானாலும் களைந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். குக்கரில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், திறந்த பாத்திரத்தில் இரண்டரை. பட்டை தீட்டாததாக இருந்தால் இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள், தண்ணீரும் அரை டம்ளர் கூட. அடுப்பை அணைத்துப் பத்து நிமிஷம் மூடியே வைத்தால் உதிரியாக வரும்.

4. வீகன் என்றாலே ஆரோக்கியம்தானே?

இல்லை. பூரியும் முறுக்கும் மிக்சரும் கூட வீகன்தான். நான் சர்க்கரை நோயாளி. சிறுதானியமாச்சே என்று கூழை மூக்கு முட்டக் குடித்த அன்றைக்கெல்லாம் எனக்குச் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. மாவாக அரைத்துக் கரைத்துக் குடிப்பதைவிட, முழுத்தானியமாகப் பயறோடும் கீரையோடும் அளவாகச் சாப்பிடுவது நல்லது.

அதிகம் பேர் கேட்காத கேள்வி

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம்.

2022 கடைசியில் வந்த ஒரு இளம்பெண்ணின் தாளில் ஒரே வரி: 'பி12-க்கு என்ன செய்வது?' நான் பெரிய ஞானி மாதிரி, "மண்ணு நல்லா இருந்தா எல்லாச் சத்தும் தானா வரும்மா. இயற்கையில இல்லாததா மாத்திரையில இருக்கு?" என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் எழுதிக்கொண்டார்.

நான் 2019-ல் கொழுப்பு கூடியதால் பாலையும் நெய்யையும் விட்டவன். கறி, மீன் எங்கள் வீட்டில் எப்போதுமே இல்லை. 2023 கோடையில் உள்ளங்கால் மரத்துப்போக ஆரம்பித்தது. வரப்பில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறேன். சர்க்கரையால் என்று நினைத்தேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பி12 அடிமட்டத்தில் இருந்தது. பாலை விட்டது ஒரு காரணம். வருஷக்கணக்கில் சாப்பிடுகிற மெட்பார்மின் மாத்திரையும் பி12-ஐ உறிஞ்சவிடாமல் குறைக்கும் என்றார்.

அதன்பிறகுதான் படித்தேன். பி12-ஐ உண்டாக்குவது செடியும் இல்லை, மாடும் இல்லை, நுண்ணுயிர்கள். மாட்டுக்கு அதன் முதல் இரைப்பையிலேயே அவை உண்டாக்கிக் கொடுக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. நம் மண்ணில் எத்தனை கோடி நுண்ணுயிர் இருந்தாலும், கழுவிச் சமைத்த கீரையில் நம்பத்தகுந்த அளவில் பி12 வராது. பழைய சோறு, இட்லி மாவு, சுருள்பாசி எதையும் இதற்கு நம்ப முடியாது. பெரியவருக்கு நாளுக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் சில வருஷம் ஒன்றும் தெரியாது. சேமிப்புக் கரைந்த பிறகு நரம்பில் தெரியும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

வீகன் என்ற சொல் இங்கிலாந்தில் பிறந்தது 1944-ல். பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்தது 1948-ல். ஆக, அந்த முதல் ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அன்று ராத்திரியே தாள்களை எடுத்துவைத்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் திட்டினார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், எனக்கு இப்ப மூணாவது மாசம். நீங்க சொன்னதாலதான் மாத்திரை வாங்கலை" என்றார். எனக்கு வாயடைத்துப் போனது. மறுநாளே டாக்டரிடம் போனார். குறைவாகத்தான் இருந்தது, உடனே மருந்து ஆரம்பித்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. ஒருநாள் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் கால் முக்கால்வாசி சரியாகிவிட்டது. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது.

'மாடு வைத்திருக்கிற இயற்கை விவசாயி பால் வேண்டாம் என்று சொல்லலாமா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் யாரையும் பாலை விடச் சொல்லவில்லை. என் மாடுகள் சாணத்துக்கும் கோமியத்துக்கும், பால் கன்றுக்குப் போக மீதி என் மனைவியின் காபிக்கு. விட முடிவு செய்தவர்கள் நம்மிடம் வருகிறார்கள், நம் தானியத்தையும் பயறையும் வாங்குகிறார்கள். அவர்கள் நோயில் விழாமல் பார்த்துக்கொள்வது விற்கிறவன் கடமை.

இப்போது எங்கள் வகுப்பில் அரைத்தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறேன்: 'பாலும் இறைச்சியும் அறவே விட்டவர்கள் டாக்டரைக் கேட்டு பி12 எடுத்துக்கொள்ளுங்கள்.' அந்த மாத்திரைக்கான பி12-ம் நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பதுதான். அதில் இயற்கைக்கு விரோதம் எதுவும் இல்லை.

நீங்களும் உங்கள் பண்ணையில் இப்படி வகுப்பு நடத்துங்கள். ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், கொஞ்சம் அரைத்தாள் போதும். சாமைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் தொடங்குங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தாள்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போன் செய்ய வேண்டி வரலாம்.