ஒரு சம்பளத்தில் ஊர் மாறும் குடும்பம்

2012 டிசம்பரில் எனக்குப் பட்டதாரி ஆசிரியர் பணி கிடைத்தது. இடம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சொந்த ஊர் சங்கரன்கோவில். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு முதல் பணியிடம் வட மாவட்டத்தில் அமைவது நம் துறையில் புதிதில்லை. இதைப் படிக்கும் பலருக்கும் அந்த அனுபவம் இருக்கும். எனக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள், எட்டு மாதத்தில் ஒரு மகன். மனைவி ஊரில் ஒரு தனியார் பள்ளியில் 6,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு வந்தார்.

அரசு வேலை கிடைத்துவிட்டது, இனி என்ன கவலை என்றுதான் உறவினர்கள் சொன்னார்கள். ஒசூரில் வீடு பார்த்தேன். வாடகை 3,500 ரூபாய். முன்பணம் பத்து மாத வாடகை. எங்கள் ஊரில் மூன்று மாதம் கேட்டாலே முகம் சுளிப்போம். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. பணிப்பதிவேடு தொடங்க வேண்டும், பங்களிப்பு ஓய்வூதிய எண் வர வேண்டும், சான்றிதழ்களின் உண்மைத்தன்மை சரிபார்க்கப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கடந்து முதல் சம்பளம் நான்காவது மாதம்தான் வந்தது. கையில் கிடைத்தது 21,000 ரூபாய்ச் சொச்சம். வீட்டு வாடகைப்படி பணிபுரியும் இடத்தைப் பொறுத்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. படி கிராமத்துக்கு உரியது, நான் கொடுத்த வாடகையோ ஒசூர் வாடகை. பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பாருங்கள் என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொன்னார். டவுன் வசதியை நினைத்து நான் கேட்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எப்படியோ அடைபட்டுவிட்டது. அடைபடாத இரண்டு விஷயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, மளிகைக் கடை. ஊரில் அண்ணாச்சி கடையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பற்று நோட்டு இருந்தது. அப்பா காலத்து நோட்டு. இருபதாம் தேதிக்குமேல் அந்த நோட்டுதான் எங்கள் குடும்பத்தை நடத்தியது என்று சொன்னால் மிகையில்லை. புது ஊரில் நம்மை யாருக்குத் தெரியும்? அரைக் கிலோ உளுந்துக்கும் காசை முதலில் வைக்க வேண்டும். ஒற்றைச் சம்பளக் குடும்பம் ஓடுவது சம்பளத்தால் மட்டுமல்ல, அறிமுகத்தாலும்தான் என்பது அறிமுகம் இல்லாத இடத்தில்தான் தெரிந்தது. ரேஷன் அரிசியும் ஊரிலேயே நின்றுவிட்டது. அட்டையை மாற்ற ஒப்படைப்புச் சான்று வேண்டும், அதற்கு ஊருக்குப் போக வேண்டும், போனால் சம்பளம் வராத மாதத்தில் பேருந்துச் செலவு.

இரண்டாவது, மாமியார். மகளை அவர் பார்த்துக்கொண்டதால்தான் என் மனைவி வேலைக்குப் போக முடிந்தது. ஒசூரில் தனியார் பள்ளிகளுக்குக் குறைவில்லை. அவருக்கு வேலையும் கிடைத்திருக்கும். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை இல்லை. ஊர் மாறும் குடும்பம் ஒரு வருமானத்துக்குச் சுருங்குவது பெரும்பாலும் இப்படித்தான். சம்பாதிக்கும் இரண்டாவது ஆள் இருப்பார். அவரை வெளியே அனுப்பிய பாட்டி பழைய ஊரில் இருப்பார்.

இதெல்லாம் எனக்கு அனுபவப்பட்ட பாடம். அப்படியிருந்தும் பத்து வருடம் கழித்து என் வகுப்பில் வந்து நின்றபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

இப்போது நான் வேலை பார்ப்பது ஒசூரை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. சிப்காட்டை நம்பி ஆண்டு முழுவதும் குடும்பங்கள் வந்துகொண்டேயிருக்கும். இரண்டாம் பருவம் தொடங்கிய பிறகு ஒரு நாள், அரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நின்றார். பெண் ஏழாம் வகுப்பு, பையன் இரண்டாம் வகுப்பு. மாற்றுச் சான்றிதழ் இல்லை. “அடுத்த மாசம் போயி வாங்கியாறேன் சார், இப்ப லீவு போட்டா கூலி புடிச்சுக்குவாங்க” என்றார். அவர் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி.

தலைமையாசிரியர் உடனே சேர்த்துக்கொண்டார். இதில் அவர் தயவு காட்டியதாக நினைக்க வேண்டியதில்லை. இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதன் 5-ஆவது பிரிவின்படி, பள்ளி மாறும் குழந்தைக்கு முந்தைய பள்ளி உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. நடுவில் வந்தால் சேர்க்க முடியாது என்று சொல்ல 15-ஆவது பிரிவு இடம் தரவில்லை. பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டு எமிஸில் காமன் பூலுக்கு விடச் சொன்னால், இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அன்று மாலையே முடிந்தது. அந்தத் தந்தை ஒரு நாள் கூலியை இழந்து அரூர் போய் வர வேண்டியிருக்கவில்லை.

தவறு செய்தது வகுப்பாசிரியரான நான். முதல் வாரத்திலேயே சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, புகைப்படம் என்று நாளுக்கு ஒன்றாகக் கேட்டேன். சீருடை அளவெடுத்து வந்து கொடுத்து முடிந்திருந்தது. அந்தப் பெண் வண்ண உடையில் வந்தாள். காலை வழிபாட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஏன் சீருடை இல்லை என்று கேட்டுவிட்டேன். புதிதாக வந்தவள் என்பது எனக்குத் தெரியும். வழக்கமாகக் கேட்கும் வாய் கேட்டுவிட்டது. அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. விடுப்புக் கடிதம் கேட்டேன். “தம்பிப் பாப்பாவப் பாத்துக்கிட்டேன் சார்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, ஒற்றை அறை. ஒன்பது மாதக் குழந்தை தொட்டிலில். ஊரில் அந்தத் தாய் களை எடுக்கவும் நாற்று நடவும் போனவர்; குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டார். இங்கே வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு வீட்டுவேலை கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு நாள்தான் என் வருகைப் பதிவேட்டில் விழுந்தவை. “கடையில கடன் தர மாட்டேங்குறாங்க சார், புது ஆளுங்க இல்லையா” என்று அவர் சொன்னபோது, சங்கரன்கோவில் பற்று நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

நாங்கள் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அவர்களுடைய குடும்ப அட்டையை வைத்து இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அவர்களுக்குத் தெரியவில்லை. அட்டை அரூரில் பாட்டியிடம் இருந்தது, வரவழைத்துக்கொண்டார்கள். சாதிச் சான்றும் பாட்டியிடமே இருந்தது. ஊர் மாறிவிட்டதற்காக அதைப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை என்று சொன்னதில் ஒரு அலைச்சல் மிச்சம். மற்ற ஆவணங்களை ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, தந்தையின் வார விடுமுறைக்கு மறுநாள் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் போதும் என்றேன். சீருடைக்கு, எட்டாம் வகுப்பு முடித்துப் போன பெண் ஒருத்தியின் உடை கிடைத்தது. அதை வகுப்பில் வைத்துக் கொடுக்கவில்லை. சத்துணவு அமைப்பாளர் அம்மா தம் கையால் கொடுத்தார்.

காலை உணவு இன்னொரு சங்கடம். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் வந்த அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வகுப்புத் தம்பி பொங்கல் சாப்பிடுவான்; ஏழாம் வகுப்பு அக்கா வாசலில் நின்று அவன் பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் காட்சியைத் தினமும் பார்க்கிறோம். எட்டாம் வகுப்பு வரை நீட்டித்தால் நல்லது என்பது என் கருத்து.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சிக்கல் மட்டும் தீரவில்லை. அங்கன்வாடியில் இணை உணவு மாவுக்குப் பதிவு செய்தோம். ஒன்பது மாதக் குழந்தையை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. தாயை வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இரண்டு நாளில் ஒரு நாளையாவது, கணவர் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் வீட்டிலிருக்கும் நாளாக மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒரு நாள் மாறியது. மற்றொரு நாள் அவள் வராமல்தான் இருந்தாள். வராத நாளின் பாடத்தைப் பக்கத்துப் பெஞ்சுத் தோழி மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கணக்கில் பின்தங்கினாள், தமிழில் இல்லை. விடுப்புக் கடிதம் கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் தந்தை வந்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், திருப்பூர் போகிறார்களாம். பாட்டியும் இந்த முறை கூட வருகிறார் என்று அந்தப் பெண் தனியாக வந்து சொன்னாள். அன்று மதியத்துக்குள் இரண்டு பேருக்கும் மாற்றுச் சான்றிதழை எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கையில் கொடுத்தேன். அடுத்த வகுப்பாசிரியர் கேட்கக்கூடிய ஆவணங்களின் நகல்களை ஒரு உறையில் போட்டு, மேலே என் கைப்பேசி எண்ணை எழுதினேன். எமிஸில் காமன் பூலுக்கு விட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு தினமும் பார்த்தேன். மூன்றாவது வாரம் இரண்டு பெயர்களும் அங்கிருந்து நகர்ந்திருந்தன.