அடியில் இருப்பதுதான் அசல் நிறமா?

புது மாடல் ஒன்றைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளுவதற்கு முன்னால், கார் நிறுவனங்கள் சில வண்டிகளைக் கையால் கட்டிப் பார்க்கும். ஓட்டிச் சோதிக்க ஒன்று, கண்காட்சியில் நிறுத்த ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இவைதான் முன்மாதிரி வண்டிகள். வேலை முடிந்ததும் பெரும்பாலும் உடைத்துவிடுவார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு இன்று கோடிக்கணக்கில் விலை. அதனால்தான் எங்காவது பழைய கொட்டகையில் ஒரு வண்டி அகப்பட்டால் உடனே இரண்டு கேள்விகள் வருகின்றன: இது நிஜமாகவே அந்த வண்டிதானா? முதலில் என்ன நிறத்தில் இருந்தது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம் என்றே நமக்குத் தோன்றும். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது! பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில், வருஷாவருஷம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பும் நீலமும் காவியும் அடுக்கடுக்காகத் தெரியுமே, அதே கதைதான் காரிலும். ஆய்வாளர்கள் உருப்பெருக்கியோடு உட்கார்ந்து, சின்ன வட்டமாக மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்ப்பார்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால், ஒன்றைச் சுற்றி ஒன்றாக நிற வளையங்கள் வரும். நடுவில் தகடு, அதைச் சுற்றிப் பிரைமர், பிறகு ஒவ்வொரு பூச்சாக. சரி, பிரைமருக்கு அடுத்த வளையம்தானே அசல் நிறம்?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். அந்த வளையம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இப்போது மிஞ்சியிருக்கும் பூச்சுகளில் இது பழையது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. நல்ல பெயிண்டர் பழைய பூச்சின் மேல் அப்படியே அடிக்க மாட்டார். தேய்த்தெடுப்பார், சில சமயம் தகடு வரைக்கும். டிங்கரிங் செய்த கதவில் அடியில் இருப்பது பட்டியும் அதற்குப் பின் வந்த நிறமும்தான். மாற்றிப் போட்ட பானெட்டாக இருந்தால் அது வேறொரு வண்டியின் சரித்திரத்தையே சொல்லும். சாதாரண வண்டி என்றால் தொழிற்சாலைப் பதிவேடு காப்பாற்றும். இந்த எண்ணுள்ள வண்டி இந்த நிறத்தில் இந்தத் தேதியில் வெளியே போனது என்று எழுதி வைத்திருப்பார்கள். முன்மாதிரிக்கு அப்படி ஒரு வரி இருக்கும் என்று நம்ப முடியாது. அது விற்பதற்காகச் செய்ததே இல்லையே.

ஓர் உண்மை வண்டியைப் பார்ப்போம். கரோல் ஷெல்பி அமெரிக்கப் பந்தய ஓட்டுநர். 1959இல் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்றவர். இதய நோயால் பந்தயத்தை விட்டவருக்கு, இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் செய்த இலேசான சின்னக் காருக்குள் ஃபோர்டின் வி8 இன்ஜினை வைத்தால் என்ன என்று ஒரு யோசனை. 1962 தொடக்கத்தில் இன்ஜின் இல்லாத வண்டி ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இறங்கியது. சேசிஸ் எண் சிஎஸ்எக்ஸ் 2000. நண்பர் டீன் மூனின் பட்டறையில் இன்ஜினை ஏற்றினார்கள். உலகின் முதல் ஷெல்பி கோப்ரா இதுதான்.

அன்று அதன் நிறம் என்ன? நிறமே இல்லை. வெறும் அலுமினியம். அந்த ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சிக்கு டீன் ஜெஃப்ரிஸ் என்ற பெயிண்டர் அதற்கு முத்துப்போல் மினுங்கும் மஞ்சள் அடித்தார். பிறகு பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்க்கக் கேட்டார்கள். ஷெல்பியிடம் இருந்ததோ ஒரே வண்டி. ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தால் எவன் முன்பணம் கொடுப்பான்? ஒரு பத்திரிகை ஓட்டி முடித்ததும் நிறத்தை மாற்றி அடுத்த பத்திரிகைக்குக் கொடுத்தார். படித்தவர்கள், ஏகப்பட்ட கோப்ராக்கள் ஓடுகின்றன என்று நினைத்துக்கொண்டார்கள். வியாபாரத் தந்திரம் என்ற வகையில் எனக்கு இதன்மேல் கொஞ்சம் மதிப்பு உண்டு.

ஆக, இந்த வண்டியின் அசல் நிறம் எது? அலுமினியமா, மஞ்சளா, பிறகு வந்தவற்றில் ஒன்றா? கேள்வியே சரியில்லை என்பது புரிகிறதல்லவா? எந்தத் தேதியில் என்ன நிறம் என்றுதான் நாம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் தேட முடியும்.

தேடும் இடம் வெளித்தகடு அல்ல. பெயிண்டர் சோம்பல்படும் இடங்கள்: டேஷ்போர்டுக்கு அடிப்பக்கம், கதவின் உள்மூடிக்குப் பின்புறம், பெட்ரோல் டேங்கைக் கட்டிய பட்டையின் அடி, விளக்குக் குழிகள். அங்கே பழைய நிறத்தின் தூசிச் சாரல் ஒட்டியிருக்கும். வெயில் படாததால் வெளுத்தும் இருக்காது. அடுத்தது புகைப்படம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழக்கூடும். பழைய கலர்ப் படமோ தானே நிறம் மாறியிருக்கும். படத்தை நம்பி நிறத்தைச் சொல்வது ஆபத்து. ஆனால் தேதி போட்ட படத்தோடு, மறைவிடத்தில் கிடைத்த பெயிண்ட் துணுக்கைச் சேர்த்து வைத்தால் விஷயம் தெளியும்.

இனி முதல் கேள்வி, இது அந்த வண்டிதானா என்பது. இதில் நிறத்துக்கு வேலையே இல்லை. சேசிஸில் அடித்த எண்ணையும் அந்த ஒரு வண்டியில் மட்டும் வித்தியாசமாகச் செய்த பாகங்களையும் பார்ப்பார்கள். முதல் கோப்ராவின் பின்சக்கர பிரேக்குகள் சக்கரத்தோரம் இல்லாமல் உள்ளே, நடுவில் வைக்கப்பட்டன. விற்பனைக்கு வந்த வண்டிகளில் செலவைக் குறைக்க அவற்றை வெளியே நகர்த்திவிட்டார்கள். எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஷெல்பியின் 'லிட்டில் ரெட்' என்ற 1967 மஸ்டாங் முன்மாதிரியை, நசுக்கிப்போட்டிருப்பார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஷெல்பி கொடுத்த எண்ணை வைத்துத் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை. ஃபோர்டு தொழிற்சாலை முதலில் கொடுத்த எண்ணை வைத்துத் தேடியபோது 2018இல் டெக்சஸில் இன்ஜின் இல்லாமல் கிடந்தது.

சிஎஸ்எக்ஸ் 2000க்கு இந்த அலைச்சல் ஏதும் தேவைப்படவில்லை. ஷெல்பி 2012இல் இறக்கும்வரை அதை விற்கவில்லை, புதுசாக்கவும் இல்லை. 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஏலத்துக்கு வந்தபோது அது நீல நிறத்தில் இருந்தது. 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அதுவரை எந்த அமெரிக்கக் காரும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை.